ஆன்லைன் பயிற்சி முடித்த தன்னார்வலர் யாரிடம் போய் என்ன கேட்பது? (தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் வரவும்)

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

வணக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை இங்கே பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்தச் சமயத்தில் சேர்ந்த வாட்ஸ்அப் குழு எங்களுடையது. வெறும் பேச்சோடு போகக் கூடாது என்று ஞாயிறு மாலைகளில் ஆன்லைன் பயிற்சி ஆரம்பித்தோம். பருவநிலை ஏன் மாறுகிறது, கொள்கை எங்கே எழுதப்படுகிறது, அதை மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது, இவைதான் பாடம். வகுப்பு எடுப்பவர்கள் சென்னை, பெங்களூரு நண்பர்கள். நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள், குறை சொல்ல முடியாது.

இப்போது வகுப்பில் இருப்பவர்களுக்குப் பாரிஸ் ஒப்பந்தம் தெரியும். 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தது தெரியும். ஆனால் போன வாரம் காரிமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர் கடைசியில் கேட்டார்: "சரிங்க சார், நாளைக்கு நான் யாருகிட்ட போய் என்ன கேக்கணும்?" வகுப்பு எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் எம்.பி.க்கு மெயில் போடலாம்" என்றார். அந்தப் பெண் அப்புறம் எதுவும் பேசவில்லை.

எனக்கு அந்தக் கேள்விதான் முழுப் பாடத்திட்டம் என்று படுகிறது. உங்கள் யோசனை தேவை.

---

ஓசூர் ஜெனரல் ஷிப்ட் எழுதியது:

நான் மின்சார வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அமெரிக்காவின் சிட்டிசன்ஸ் கிளைமேட் லாபி என்ற அமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தை ஆன்லைனில் கேட்பதுண்டு. நமக்கு அது ராத்திரி பத்தரை, பதினொன்றரைக்கு வரும். ஆகவே தூக்கக் கலக்கத்தோடு கேட்டதைச் சொல்கிறேன்.

அதை 2007-ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தவர் மார்ஷல் சாண்டர்ஸ். விஞ்ஞானி இல்லை, ரியல் எஸ்டேட்காரர். அதற்கு முன் பசி, வறுமை ஒழிப்புக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் ஒரு தன்னார்வ இயக்கத்தில் இருந்தவர். அந்த முறையை அப்படியே பருவநிலைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் பல வருடம் முக்கியமாகக் கேட்டது ஒன்றே ஒன்று: நிலக்கரி, எண்ணெய் எடுக்கும் இடத்திலேயே கார்பனுக்குக் கட்டணம் போடு, அந்தப் பணத்தை மக்களுக்கே பிரித்துக் கொடு. 2018-ல் அது மசோதாவாக அவர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இன்றுவரை சட்டமாகவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களின் சந்திப்பு முறை. ஒரு எம்.பி.யைப் பார்க்க நாலைந்து பேர் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் அந்த எம்.பி. முன்பு செய்த நல்ல காரியம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு நன்றி சொல்லித் தொடங்குவார். எதிர்க் கருத்துக்காரராக இருந்தாலும் விடமாட்டார்கள். ஒருவர் கோரிக்கையை வைப்பார், ஒருவர் குறிப்பெடுப்பார், ஒருவர் நேரம் பார்ப்பார். அப்புறம் தொடர்ந்து நினைவூட்ட ஒருவர். இதை முன்கூட்டியே நடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நம் ஊரில் மனு கொடுக்கப் போனால் இருபது பேர் போவோம், இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், வெளியே வந்து போட்டோ எடுப்போம்.

---

கூழ் ஆலைக்குக் காய் போடுபவன் எழுதியது:

எல்லாம் சரி. எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் நாலு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. 2024 கோடையில் மரம் காயாமல் இருக்க டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றினேன். அதே வருடம் டிசம்பரில் தோப்பில் முழங்கால் தண்ணீர். மார்கழி, தை மாதம் பூ எடுக்கும் நேரத்தில் வானம் மூட்டமாக இருந்தால் தத்துப்பூச்சி. தப்பிப் பிழைத்துக் காய் நன்றாக வந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். பறிகூலி கூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதில் யாரோ அமெரிக்காக்காரர் நன்றி சொல்லித் தொடங்கச் சொல்கிறார். எதுக்கு நன்றி சொல்வது என்று அதையும் சொல்லிக் கொடுங்கள்.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

மாந்தோப்புத் தம்பியின் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை எந்த மேசையில் வைப்பது என்பதுதானே இங்கே கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம், பசுமை இயக்கம், ஈரநில இயக்கம் என்று மூன்று உண்டு. இவற்றை நடத்த அரசே ஒரு பசுமைக் காலநிலை நிறுவனம் வைத்திருக்கிறது. 2022-ல் முதல்வர் தலைமையில் ஆட்சிக் குழுவும் அமைத்தார்கள். மேலே இவ்வளவு. நமக்கு வேண்டியது கீழே இருக்கிறது: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு காலநிலை மாற்ற இயக்கம், அதற்குக் கலெக்டர்தான் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்தக் காரிமங்கலத்து அம்மாவுக்கு வாசல் தெரிந்திருக்கும். மெயில் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால் போதும்.

இன்னொன்று. காலநிலை அலுவலர் வன அலுவலர் என்பது காகிதத்தில் சரியாக இருக்கலாம். சித்தேரி மலை அடிவாரத்தில் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் "வன அலுவலரைப் போய்ப் பாருங்கள், அவர் உங்களுக்கு உதவுவார்" என்று ஆன்லைன் வகுப்பில் சொல்பவர், யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். அங்கே வேறு வழி வேண்டும். கிராம சபை, அல்லது நேரே கலெக்டர்.

---

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

வாத்தியார் சொன்ன இரண்டாவது விஷயம் எங்கள் பாடத்தில் எங்குமே இல்லை. சேர்த்துவிடுகிறேன். வெளியூர் நண்பர்களுக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

---

ஊக்குநர் அக்கா எழுதியது:

பத்து வரியில் முடிக்கலாம் என்று பார்த்தேன், நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்னார்வலர்களை ஒன்று சேர்க்க என்று புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மகளிர் சுய உதவிக்குழு தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே 1989-ல் நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. கூட்டம் கூட்டுவது, தீர்மானம் எழுதுவது, கையெழுத்து வாங்குவது, பேங்க் மேனேஜரிடம் கோபப்படாமல் விடாமல் கேட்பது, இதெல்லாம் எங்கள் பெண்களுக்குக் கைவந்த வேலை. உங்கள் ஓசூர் தம்பி சொன்ன வேலைப் பிரிவினை எங்கள் குழுவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

ஆன்லைன் வகுப்பு என்றால் இதைக் கவனியுங்கள். போன் பெரும்பாலும் பையனுடையது, இல்லாவிட்டால் வீட்டுக்காரருடையது. ஏழு மணிக்கு அடுப்பு எரியும். ஒன்பது மணிக்கு மேல்தான் பெண்கள் உட்கார முடியும், அப்போது தூக்கம் வரும். அஞ்செட்டி, சித்தேரி பக்கம் சிக்னலுக்கு மேடு ஏற வேண்டும். ஒன்றரை மணி நேர வீடியோ வகுப்பு அவர்களுக்கு ஆகாது. ஐந்து நிமிட ஆடியோவாகப் போடுங்கள், களை எடுத்துக்கொண்டே கேட்பார்கள். குழுவில் ஒருவர் மட்டும் வகுப்பில் கலந்துகொண்டு, வாரக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்தது கிராம சபை. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும், அதுதான் கோரம். கோரத்துக்கு ஆள் தேடி ஊராட்சிக்காரர்கள் அலைவார்கள். அந்த ஆட்களே நாங்கள்தான். முப்பது பெண்கள் சேர்ந்து "இந்தத் தீர்மானம் எழுதினால்தான் கையெழுத்து" என்று நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நுணுக்கம் இருக்கிறது. பல ஊரில் நோட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தை அப்புறம் எழுதுவார்கள். அதனால் கோரிக்கையை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ஒப்புகை வாங்க வேண்டும். சபையில் எழுந்து அதைப் படிக்க வேண்டும். கூட்டம் முடிவதற்குள் தீர்மானத்தைச் செயலர் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுக்க வேண்டும். பயிற்சி என்றால் இதுதான் பயிற்சி. பனிப்பாறை உருகும் படம் அப்புறம் காட்டலாம்.

இன்னொன்று மறந்துவிட்டேன். 2025 ஜனவரியோடு நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தலைவர் என்றால் ஓட்டுக்குப் பயப்படுவார். அலுவலர் ஃபைலுக்குத்தான் பயப்படுவார். அதனால் முன்பைவிட எழுத்து முக்கியம்.

---

பாலக்கோடு தக்காளி மண்டி எழுதியது:

அக்காவின் பதிவை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே கோரிக்கைதான்: மழைக்காலத்தில் ஒகேனக்கல்லில் வழிந்து போகும் காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டு வா. இதற்குக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2024 அக்டோபரில் அரை நாள் கடையடைப்பே நடந்தது. இதைவிடப் பெரிய பருவநிலைக் கோரிக்கை எது? உங்கள் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா?

---

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

இல்லை, வேண்டுமென்றேதான் விட்டோம். அது கட்சிக் கோரிக்கையாகப் பார்க்கப்படுகிறது. எங்கள் குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அதைத் தொட்டால் அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரமாட்டார்கள்.

---

பாலக்கோடு தக்காளி மண்டி எழுதியது:

ஒரு கட்சி கேட்டால் அது கட்சிக் கோரிக்கை ஆகிவிடுமா? தண்ணீர் எல்லாக் கட்சிக்காரன் வயலுக்கும்தான் வரும். சச்சரவு வரும் என்று பெரியதை ஒதுக்கிவிட்டு, யாரும் எதிர்க்காத சின்னதை மட்டும் கேட்பது எனக்கு உடன்பாடு இல்லை.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் அந்தக் கோரிக்கையைக் கலெக்டரால் நிறைவேற்ற முடியாது. திட்ட அறிக்கை, நிதி, மாநில அரசின் முடிவு எல்லாம் வேண்டும். அதற்கு வேண்டியது கட்சிகளும் போராட்டமும். அது நடக்கட்டும். இந்தப் பயிற்சி, ஒரு தனி ஆள் எழுந்து போய்க் கேட்டால் மறுக்கக் காரணமில்லாத ஒன்றைக் கேட்கப் பழகுவதற்கு. முதல் கோரிக்கையில் ஜெயித்த பெண்ணைப் பிறகு எந்தப் பெரிய கோரிக்கைக்கும் கூப்பிடலாம்.

---

பாலக்கோடு தக்காளி மண்டி எழுதியது:

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேலே சொல்லுங்கள்.

---

சட்டம் மூன்றாம் வருடம் எழுதியது:

எம்.பி.க்கு மெயில் போடுவது பற்றி. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை (பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் விதிகளை மாற்றுவது) வந்தபோது நாடு முழுக்க தன்னார்வலர்கள் ஆன்லைனில் திரண்டார்கள். ஊரடங்கு நேரம், வேறு வழியும் இல்லை. அமைச்சகத்துக்குச் சுமார் 17 லட்சம் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. பிராந்திய மொழிகளில் வரைவை வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆன்லைன் பிரசாரம் என்ன செய்யும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அதே சமயம் ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா என்ற இளைஞர் பருவநிலை இயக்கத்தின் இணையதளம் முடக்கப்பட்டது. முதலில் போன நோட்டீஸில் உபா சட்டத்தையே (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) குறிப்பிட்டிருந்தார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம், சுற்றுச்சூழல் அமைச்சரின் மின்னஞ்சலுக்கு வந்து குவிந்த ஒரே மாதிரிக் கடிதங்கள். அதனால் காப்பி பேஸ்ட் மெயிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சொந்த வார்த்தையில், சொந்த ஊர்ப் பெயரோடு எழுதிய பத்துக் கடிதம் போதும்.

மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: பருவநிலை மாற்றத்தின் பாதகமான விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை, அரசியலமைப்பின் 14, 21-ம் பிரிவுகளுக்குள் அடங்கும் என்று 2024-ல் ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு கானமயில் பற்றியது, அது வேறு கதை. ஆனால் மனுவைப் படிக்கும் அதிகாரி அந்த வரியில் ஒரு நிமிடம் நிற்பார்.

மாவட்டக் காலநிலை இயக்கம் எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். வகுப்பில் ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னால் அதுவே வீட்டுப்பாடம்.

---

கூழ் ஆலைக்குக் காய் போடுபவன் எழுதியது:

சட்டத் தம்பி எழுதியது உருப்படியாக இருக்கிறது. நானும் ஒன்று சொல்கிறேன். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது, வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று. நல்ல விஷயம். ஆனால் சித்திரையில் காய் பறிக்கிற ஆள் மயங்கி விழுந்து செத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய் அடக்கம் செய்துவிடுகிறோம். வெயிலால் செத்தார் என்று டாக்டர் எழுதித் தராமல் அந்த நிவாரணத்தை எப்படிக் கேட்பது? பறிகூலிக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு இருந்தால் நானே ஆள் கூட்டி வருகிறேன்.

மழைமானியும் அப்படித்தான். மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். என் தோப்புக்குப் பக்கத்தில் எது, அதில் அன்றைக்கு எவ்வளவு பதிவானது என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நிவாரணம் கேட்கும்போது "உங்க ஊர்ல அவ்வளவு மழை இல்லையே" என்கிறார்கள்.

---

ஓசூர் ஜெனரல் ஷிப்ட் எழுதியது:

அண்ணா, நன்றி சொல்லித் தொடங்க இதோ உங்களிடமே ரெண்டு இருக்கிறதே. வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்ததற்கு ஒரு நன்றி, மழைமானி வைத்ததற்கு ஒரு நன்றி. அடுத்த வாக்கியத்தில் கோரிக்கை.

---

கூழ் ஆலைக்குக் காய் போடுபவன் எழுதியது:

கெட்டிக்காரன்தான்.

---

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

இதுவரை வந்ததை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரே ஒரு கோரிக்கை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வருவதால் ஏரிதான் சரி என்று நினைக்கிறேன். ஊத்தங்கரையில் நடந்ததும் ஏரி நிரம்பி வழிந்ததால்தான். கோரிக்கை இப்படி: எங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயையும் போக்குக் கால்வாயையும் அளந்து, ஆக்கிரமிப்பு எங்கே என்று புல வரைபடத்தில் குறித்து, அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

யாரிடம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் தரும் ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அளந்து தர வேண்டியது வருவாய்த்துறை, அதாவது தாசில்தார். இது தெரியாமல் போனால் மூன்று அலுவலகமும் நம்மைப் பந்தாடும். ஆகவே முதல் வகுப்பு: உங்கள் ஏரி யாருடையது?

மழைமானிப் பலகை நவம்பர் 1-க்கு. வெயில் இறப்பு மார்ச்சில், கோடைக்கு முன்பு. மாவட்டக் காலநிலை இயக்கம் பற்றிய தகவல் உரிமை மனு இப்போதே போகலாம்.

---

ஊக்குநர் அக்கா எழுதியது:

ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையை முதல் மனுவில் போடாதீர்கள். கால்வாயில் வீடு கட்டியிருப்பவர் பெரும்பாலும் இடமில்லாத ஏழை, இல்லாவிட்டால் ஊரில் பெரிய ஆள். ஏழை என்றால் அவர் வீட்டுப் பெண் எங்கள் குழுவில் இருப்பாள், குழு உடையும். பெரிய ஆள் என்றால் சபையே நடக்காது. "அளந்து வரைபடம் ஒட்டுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். வரைபடம் ஒட்டினால் மற்றது ஊருக்கே தெரியும்.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

அக்கா சொல்வதுபோலவே செய்யுங்கள். ஆனால் வீடு போகிறவர்களுக்கு மாற்று இடம் என்ற பேச்சு எப்போதாவது வந்தே தீரும். அதற்கும் பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்னிடம் இல்லை.

---

பாலக்கோடு தக்காளி மண்டி எழுதியது:

ஏரியை அளந்து வையுங்கள், உபரி நீர் வரும்போது எங்கே விடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா! நானும் எங்கள் ஊரில் கேட்கிறேன்.

---

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு நடித்துப் பார்க்கிறோம். மனு கொடுப்பவர்கள் தயார், காரிமங்கலத்து அம்மாதான் பேசப் போகிறார். தாசில்தாராக நடிக்க ஒருவர் வேண்டும். கொஞ்சம் முரண்டு பிடிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

---

அரூர் வாத்தியார் எழுதியது:

நான் வருகிறேன். ஒப்புகைச் சீட்டை அவ்வளவு சுலபமாகக் கொடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

---

கூழ் ஆலைக்குக் காய் போடுபவன் எழுதியது:

லிங்க் எனக்கும் போடுங்கள். நான் பேசவில்லை, குறிப்பெடுக்கிறேன்.